முதல் வரிசைக்கு இன்னும் கவாத்து ஆகவில்லை

பரோசா,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை,
சர்ச் முடிந்து வந்த பிறகு.

அன்புள்ள லியோனிக்கு,

உன் அண்ணி மார்லீன் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அண்ணனுக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி இந்த வீட்டில் எல்லாம் சுகம். உனக்கும் ரெனாட்டோவுக்கும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலை வேண்டிக்கொண்டுதான் வந்தேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் போதும், உன் அண்ணன் பக்கத்து அறையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார். நீயும் "அங்க மழை எப்படி அண்ணி" என்பதைத் தாண்டிப் பேசுவதில்லை. மூன்று வருடமாக மழையைப் பற்றியே பேசி எனக்கு அலுத்துப்போய்விட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இது அவருக்குத் தெரியாது.

ஊர்ச் செய்தி முதலில். குளிர் விடப் போகிறது, பாதாம் மரங்கள் பூத்துக் கொட்டிவிட்டன. திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே புளியாரை மஞ்சளாக மண்டிக் கிடக்கிறது, ஆடுகளை உள்ளே விட்டிருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்து ஆல்வின் இந்த வருடம் அந்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பதில்லை என்று முடிவு செய்து, கம்பிகளில் ஏதோ வாசனைக் கயிறு கட்டியிருக்கிறான். ஆண் பூச்சிக்குப் பெண் பூச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குழம்பிப் போகுமாம். அதற்குக் கயிறு எதற்கு, சனிக்கிழமை நடன அரங்குக்கு அனுப்பினால் போதுமே என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஆல்வின் எப்போது சிரித்தான்?

முன்பெல்லாம் பூச்சி என்றால் நமக்கு இவ்வளவு பாடம் இல்லை. உன் அப்பா துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு கந்தகத் தூள் அடித்துவிட்டு வருவார். புருவம், மீசை, காது மடல் எல்லாம் மஞ்சளாக இருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தலையணையில் அந்த வாடை போகாது. புதுப்பெண்ணாக வந்தபோது இந்த வீடு முழுக்க ஏன் தீக்குச்சி வாசனை அடிக்கிறது என்று நான் முழித்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே. இப்போது எங்காவது அந்த வாடை வந்தால் என் கை காப்பிப் பாத்திரத்தைத் தேடிப் போகிறது. மாமா உள்ளே வந்து காப்பி கேட்கப் போகிறார் என்று தோன்றிவிடுகிறது.

மைனாக் கூட்டத்தை விரட்ட நீயும் உன் அண்ணனும் தட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் இன்னும் கொட்டகையில் கிடக்கிறது. என் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், ஊர் வழக்கப்படி ஜன்னலுக்கு வெளியே நின்று தட்டி அலற வைத்தீர்களே, அதே தகரம்தான். மைனாக்கள் ஓடிவிட்டன, நான் ஓடவில்லை. நாற்பது வருடம் ஆகப் போகிறது.

இப்போது துருத்தியும் இல்லை, தகரமும் இல்லை. பறவைக்கு வலை, பூஞ்சைக்கு எந்த நாள் மருந்தடிக்க வேண்டும் என்று போனில் செய்தி. எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது. பயம் மட்டும் கூடிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற பூச்சியைப் பற்றி இங்கே யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. இந்த ஊரில் இல்லாத அந்த ஒன்றைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம்.

அந்தப் பெயரை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதாமல் இந்தக் கடிதம் நகராது. வேர்ப்பேன், வேரைத் தின்றே கொடியைச் சாய்க்கிற அந்தச் சனியன்.

உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று நடந்ததைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை, உன் அண்ணன் பேசவே இல்லை. நீ வாழ்க்கைப்பட்ட யாரா பள்ளத்தாக்கிலிருந்து ராவெல்லாம் கார் ஓட்டி வந்தாய். உன் தோட்டத்து வேரில் பேன் இருக்கிறது என்று அந்த வாரம்தான் உறுதியாகியிருந்தது. அதை நீ உன் அண்ணனிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாய், அம்மா காரியம் முடிகிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. கல்லறையிலிருந்து எல்லோரும் காப்பிக்கும் கேக்குக்கும் வீட்டுக்கு வந்தார்கள். வாசல் கேட்டில் உன் அண்ணன் காலணி முக்குகிற பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டியோடு நின்றிருந்தார். பாஸ்டர், எல்ஃப்ரீடா அத்தை, ஆல்வின் குடும்பம் எல்லோரும் இருக்கும்போதே சத்தமாகச் சொன்னார்:

"லியோனி, கார ரோட்டுலயே நிறுத்து. உன் தோட்டத்துல பேன் வந்திருக்கு. ஷூவக் கழட்டிட்டு வா."

நீ கழட்டினாய். கறுப்பு உடுப்போடு, ஜல்லியின் மேல் வெறுங்காலோடு நின்றாய். ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டாய். நீ போன பிறகு எல்ஃப்ரீடா அத்தை நீ நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். அந்த அத்தைக்கு நான் கேக்கை மறுபடி நீட்டவே இல்லை.

ஒரு வாரம் உன் அண்ணனோடு நான் பேசவில்லை. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. நூறு வருடத்துக்கு மேலான கொடிகள் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கிற தோட்டம் இது, ஒருவர் காலணியில் ஒட்டிவரும் மண் போதும் எல்லாவற்றையும் சாய்க்க. அது உனக்குத் தெரியாதா? உன்னை விட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் ஆரஞ்சுத் தோட்டக்காரன் மகள். பழ ஈ சோதனைச் சாவடியில் பழம் கொண்டுபோகக் கூடாது என்று, என் அப்பா வண்டியை ஓரம் கட்டி ஒரு மூட்டை ஆரஞ்சையும் எங்களைத் தின்ன வைத்திருக்கிறார். கட்டுப்பாடு எனக்குப் புதிதில்லை. ஆனால் என் அப்பா சாவடியில் நின்று என்னைத் திட்டவில்லை. எங்களோடு உட்கார்ந்து அவரும் தின்றார்.

அதற்குப் பிறகு மூன்று ஆகஸ்ட் போய்விட்டது. உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் உங்கள் இருவர் பெயரைத் தவிர ஒரு வரி இல்லை. அதை உன் அண்ணன் அலமாரியின் மேல் வைத்தார், ஈஸ்டர் வரைக்கும் எடுக்கவிடவில்லை.

இப்போது போன ஜனவரிக்கு வருகிறேன். நாங்கள் உனக்குச் சொல்லவில்லை, கோபிக்காதே.

கோடை வெயில் உச்சத்தில் இருந்தது. முதல் வரிசையின் நடுவில் சில கொடிகள் மஞ்சளாகத் திரும்பின. அண்ணன் தங்கை உங்கள் இருவரின் வரிசையில்தான். உன் அண்ணன் ஒரு காலையில் போய்ப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலுக்கு வராமல் கேட்டுக்குப் போய், பூட்ஸைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. போனை எடுத்து முதலில் வேளாண் துறைக்குச் சொன்னார். பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, என் தோட்டத்தில் பேன் இருக்கலாம், வேலிப் பக்கம் வராதீர்கள் என்று சொன்னார். கடைசியாக பாஸ்டரைக் கூப்பிட்டு, முடிவு தெரிகிற வரைக்கும் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றார்.

துறையிலிருந்து டாம்ஸின் என்று ஒரு பெண் வந்தாள். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கொடிகளின் அடியைத் தோண்டி, வேரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். மண் எடுத்தாள், வேர் எடுத்தாள். கொடியின் அடியில் பக்கெட்டைக் கவிழ்த்த மாதிரிப் பொறிகளை வைத்துவிட்டு, பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்லிப் போனாள்.

பொறுத்திருந்தோம். அந்த நாட்களை என்னவென்று சொல்ல? உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அண்ணன் வேலியை விட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை. கடைக்கு நான் போனேன், அதுவும் டவுனுக்கென்று வைத்த செருப்பைக் கேட்டில் மாட்டிக்கொண்டு. நாற்பது வருடப் பழக்கமுள்ள ஜனங்கள் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசினார்கள். நல்லவர்கள்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கண் தானாகக் கீழே போய்விடுகிறது. பேக்கரியில் நின்றபோது எனக்கு உன் ஞாபகம் வந்து, ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் ஆல்வின் வந்தான். ஒரு பையில் மெட்வுர்ஸ்ட் தொத்திறைச்சி கொண்டுவந்து கேட்டுக் கம்பத்தில் மாட்டிவிட்டு, கையை ஆட்டிவிட்டு, காரைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். திருப்பக்கூட இல்லை, எங்கள் மண் சக்கரத்தில் ஒட்டிவிடும் என்று. உன் அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அன்னைக்கி அவள நான் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சேன்ல, மார்லீன்."

"ஆமா, நிக்க வச்சீங்க."

"ஷூவக் கழட்டச் சொன்னது தப்பில்ல."

"இல்ல."

"சத்தமா சொன்னதுதான்..." என்றார். எழுந்து போய்ப் பையை எடுத்து வந்தார். அன்று சாப்பாட்டில் அதைத் தொடவே இல்லை.

லியோனி, உன் அண்ணன் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது. அவரை உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட, எங்கள் வீட்டில் அறை காலியாக இருக்கிறது என்றுதான் என்னிடம் சொன்னார்.

கடைசியில் டாம்ஸின் வந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சின்னச் சின்ன வெள்ளை நத்தைகள். சொட்டுநீர்க் குழாய்க்குள் புகுந்து துளைகளை அடைத்துக்கொண்டிருந்திருக்கின்றன. கொடிகளுக்கு நோயும் இல்லை பேனும் இல்லை, தாகம்! உன் அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பக்கத்தில் போனேன். இந்த நத்தை விஷயத்தை ஆல்வினிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆல்வினுக்கு அன்று சாயங்காலமே நான் சொல்லிவிட்டேன். அப்போதும் அவன் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தப் பெண் கிளம்புகிற நேரத்தில் உன் அண்ணன் இன்னொன்றும் கேட்டார். இங்கிருந்து வெட்டிய கொடி யாரா பள்ளத்தாக்குக்குப் போகலாமா என்று கேட்டார். அங்கிருந்து இங்கேதான் எதுவும் வரக்கூடாது, இங்கிருந்து அங்கே முறைப்படி அனுமதி வாங்கிக் கொண்டுபோகலாம் என்றாள் அவள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எதற்குக் கேட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, சும்மா என்றார். உன் அண்ணன் எதையாவது சும்மா கேட்டு நீ பார்த்திருக்கிறாயா?

உன் தோட்டத்தில் பாதிக் கொடிகளைப் பிடுங்கிவிட்டீர்கள், பேன் சாய்க்க முடியாத அமெரிக்க வேர் வாங்கி நட்டு அதில் ஒட்டுக்கட்டப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் போனது உன் கல்யாணத்தின்போது நம் முதல் வரிசையிலிருந்து நீ வெட்டிக்கொண்டு போய் நட்ட கொடிகள்தான் என்றும் கேள்விப்பட்டேன். அம்மா வீட்டுச் சீதனமாக நீ கேட்டது அது ஒன்றைத்தான். அதைப் பிடுங்கும்போது நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று நினைத்து நான் அழுதேன். ஆனால் அதன் தாய் இங்கே நிற்கிறது லியோனி. பேன் தின்றது வேரைத்தானே.

இனி நான் எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்கிறேன்.

இந்த வீட்டில் முதல் வரிசைக்குக் கவாத்து செய்வது யார் என்று உனக்குத் தெரியும். நீ கிழக்குப் பக்கம், உன் அண்ணன் மேற்குப் பக்கம். கூலிக்கு வருகிறவர்கள் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது. இங்கே வந்த முதல் வருடம் ஆசையாகக் கத்தரியைத் தூக்கிக்கொண்டு போனேன். கேக் கருகுகிறது என்று உன் அம்மா என்னைக் கூப்பிட்டார். ஓடிவந்து பார்த்தால் அடுப்பில் கேக்கே இல்லை. "அது அவங்க ரெண்டு பேரோட வரிசைம்மா, விட்டுடு" என்றார். அன்று எனக்குக் கோபம். பிறகு புரிந்தது. வருடம் முழுக்க உங்களுக்குள் இருந்த சண்டையெல்லாம் அந்த வரிசையில்தான் தீரும். நடுவில் கொடி அடர்ந்து நிற்கும், ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது, கை மட்டும் தெரியும். முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாததை எல்லாம் அங்கே சொல்லிக்கொள்வீர்கள். வெட்ட வெட்ட முகம் தெரிய ஆரம்பிக்கும். கடைசிக் கம்பத்துக்கு வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்து, அம்மா வைத்திருக்கிற காப்பிக்கு அடித்துக்கொள்வீர்கள். சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பதுதான் எனக்கு ஆகஸ்ட் மாதம்.

நீ வராத மூன்று வருடமும் அவர் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போய், மறு பக்கம் வெட்டிக்கொண்டு திரும்பினார். யாரோடும் பேசாமல் செய்கிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இரண்டு மடங்கு நேரம் ஆனது.

இந்த வருடம் தோட்டம் முழுக்கக் கவாத்து முடிந்துவிட்டது. முதல் வரிசையை மட்டும் அவர் தொடவில்லை. சிக்கலும் சடையுமாக நிற்கிறது. ஆல்வின் வேலியிலிருந்து பார்த்துவிட்டு இது என்ன புது முறையா என்று கேட்டான். தாமதக் கவாத்து, ஆராய்ச்சி செய்கிறேன் என்று உன் அண்ணன் முகம் மாறாமல் சொன்னார். அடுத்த மாதம் சங்கத்து ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டவா என்று கேட்கிறான் அந்த மனுஷன். என்ன ஆராய்ச்சி என்று எனக்குத்தானே தெரியும்.

அதுவும் போகட்டும். போன வாரம் கேட்டுப் பக்கத்தில் வருகிறவர்களுக்கென்று பூட்ஸ் வைக்கிற பெட்டியைத் துடைக்கப் போனேன். உள்ளே புது ஜோடி ஒன்று இருந்தது. சின்ன அளவு. இது யாருக்கு என்று கேட்டேன். வருகிறவர்களுக்கு என்றார். நம் வீட்டுக்கு வருகிறவர்களில் இந்த அளவுக் கால் யாருக்கு இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். கொட்டகையில் உன் இடதுகைக் கத்தரி தொங்குகிறதே, அதற்கும் சாணை பிடித்து எண்ணெய் போட்டிருக்கிறார். நாங்கள் இருவரும் வலது கைக்காரர்கள் என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டுமா?

மொட்டுகளில் பஞ்சு தெரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு வெயில் சேர்ந்தாற்போல் அடித்தால் துளிர்த்துவிடும். துளிர்த்துவிட்டால் அந்தக் கொடி ஒட்டுக்கட்ட ஆகாது. உன் அமெரிக்க வேருக்கு வேறு எங்கிருந்தாவது கொடி வாங்கிக்கொள்ளலாம்தான். நாற்றங்காலில் எவ்வளவோ கிடைக்கும். ஆனால் அவர் இன்னொரு வருடம் இப்படிக் காத்திருக்க மாட்டார். காத்திருக்க முடியாது என்பதல்ல. இந்த வருடமும் நீ வரவில்லை என்றால், நீ பதில் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்வார். அவர் மனதை எனக்குத் தெரியும். அப்புறம் அவர் அந்த வரிசையைக் கூலியாளுக்கு விட்டுவிடுவார்.

அவர் உன்னை வா என்று கூப்பிட மாட்டார். கூப்பிடத் தெரியாது. நீயாக வரவும் மாட்டாய், அது அவர் தங்கையாகப் பிறந்த பிடிவாதம். நடுவில் நான் ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறேனே, எனக்காக வா. கத்தரி எடுத்து வராதே, தொப்பி எடுத்து வராதே, உன் தோட்டத்து மண் பட்ட எதையும் எடுத்து வராதே. கையை வீசிக்கொண்டு வா. காரை ரோட்டில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் கேட்டில் ஷூவைக் கழட்டு. இந்தத் தடவை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை, நானும் உன்னோடு கழட்டிவிட்டு நிற்பேன். எல்ஃப்ரீடா அத்தையை மட்டும் கூப்பிட மாட்டேன்.

கடவுள் உன்னையும் ரெனாட்டோவையும் நன்றாக வைத்திருக்கட்டும். நீங்கள் புதிதாக நடுகிற வேர்கள் பிடிக்கட்டும்.

இதோடு முடித்திருப்பேன், ஆனால் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பிளீச்சிங் தண்ணீர் ஒரு நாள்தான் தாங்கும், வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பது உனக்குத் தெரியும். குளிர்காலத்தில் நம் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதும் தெரியும். ஆனால் இந்த மாதம் பிறந்ததிலிருந்து உன் அண்ணன் தினமும் காலையில், காப்பிகூடக் குடிக்காமல், கேட்டுக்குப் போய் நேற்றையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து வைக்கிறார். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு உள்ளே வருகிறார். நாளைக்கும் கலப்பார்.

என்றும் அன்புள்ள உன் அண்ணி,
மார்லீன்